இடுப்பளவு உயரத்தில் ஒரு சுவிட்ச்

அத்தியாயம் 4

“அஞ்சு இருந்துச்சு மேடம். ஒண்ணை மட்டும் எடுத்துட்டுப் போயிருக்கா. அதுவும் பாதி தீர்ந்தது.”

லிஃப்ட் மெக்கானிக் ஃப்ரிட்ஜ் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். உள்தட்டில் நான்கு இன்சுலின் பேனாக்கள் வரிசையாகப் படுத்திருந்தன. அவருடைய மனைவி வீட்டை விட்டுப் போய் இன்று மூன்றாவது நாள்.

“அந்தப் பாதி எத்தனை நாளைக்கு வரும்?” என்று அக்கா கேட்டார்.

“ரெண்டு நாளைக்கு. நேத்தோட முடிஞ்சிருக்கும்.”

“முடிஞ்சா?”

“ஒரு நாள் தாங்குவா. சின்ன வயசிலேருந்து ஊசியிலதான் ஓடுது அவ உடம்பு.” அவர் ஃப்ரிட்ஜை மூடினார். மூடிய பிறகும் கைப்பிடியை விடவில்லை.

மத்தியானம் மணி ஒன்றரை.

அக்கா என்பது அவர் பெயரல்ல. இன்சூரன்ஸ் கம்பெனியில் முப்பது வருஷம் பொய்க் கோரிக்கைகளைப் பிடித்துக் கொடுத்தவர். வேலையிலிருந்து ஓய்வு பெற்றும் மூக்கு மட்டும் ஓய்வு பெறவில்லை. தெருவே அக்கா என்று கூப்பிட்டு அதுவே நிலைத்துப்போயிற்று. கூட வந்திருந்தவன் ரேடியோ. நாற்பத்தைந்து வயது, பாதி வழுக்கை, பதினைந்து வருஷம் டாக்ஸி ஓட்டியவன். பயணி இறங்கிப் போன பிறகும் பேச்சை நிறுத்தாதவன் என்று சக டிரைவர்கள் வைத்த பெயர் அது.

மெக்கானிக் ஒரு துண்டுக் காகிதத்தை நீட்டினார். ‘வீட்டுக்குப் போறேன். தேட வேண்டாம்.’ அவ்வளவுதான் எழுதியிருந்தது.

“இதுதானே மேடம் வீடு? இதை விட்டுட்டு எந்த வீட்டுக்கு? அவ தங்கச்சி வீட்ல இல்ல. சிநேகிதிங்க யார்கிட்டயும் இல்ல. போலீஸ்ல கேட்டா, சீட்டு எழுதி வச்சிட்டுப் போன பெரியவங்களைத் தேடுறதுக்கு முன்னாடி இன்னும் ஒரு நாள் பாருங்கன்னு சொல்றாங்க.”

“உங்களுக்கு யார் மேல சந்தேகம்?”

அவர் மேஜை மேலிருந்த மடிக்கணினியைக் கண்ணால் காட்டினார். கையால் தொடக்கூட மனமில்லை போலும்.

“அதுக்குள்ள ஒரு தீவு இருக்கு மேடம். ஆளாளுக்கு ஒரு பொம்மை உருவம். வீடு கட்டிக்கலாம், பேசிக்கலாம், பறக்கக்கூட செய்யலாம். ஆரம்பத்துல நானும் நல்லதுன்னுதான் நினைச்சேன். படுக்கையை விட்டு எழுந்திரிக்காம கிடந்தவ தலை வாரிக்கிட்டா. யார்கிட்டயோ சிரிச்சுப் பேசினா. சாயங்காலம் ஒரு மணி நேரம். அது ரெண்டாச்சு, நாலாச்சு. அப்புறம் எழுந்தா அது, படுத்தா அது. ஊசி போடுற நேரத்துக்கு நான் வேலையிலேருந்து போன் பண்ணி ஞாபகப்படுத்தணும். கேட்டா, ‘இருங்க, அங்க கொஞ்சம் வேலையிருக்கு’ன்னுவா. அங்க என்ன வேலை மேடம்?”

“படுக்கையை விட்டு எழுந்திரிக்காம ஏன் கிடந்தாங்க?”

“உடம்பு சரியில்ல,” என்றார் அவர், ஜன்னல் பக்கம் திரும்பி. “அந்தத் தீவுல ஒருத்தன் இருக்கான். கலங்கரைன்னு பேரு வச்சிருக்கான். எந்நேரமும் இவ வீட்டு வாசல் பெஞ்சுலயே குந்தியிருக்கான். நேத்து நான் இவ பேர்ல உள்ளே போய், ‘யாருடா நீ, என் பெண்டாட்டி எங்கே’ன்னு கேட்டேன். அப்பவே மறைஞ்சவன்தான்.”

“நல்லா வலை விரிச்சீங்க சார்,” என்றான் ரேடியோ. “மீனுக்கு முன்கூட்டியே போஸ்டர் ஒட்டினா மாதிரி.”

“ரேடியோ, வால்யூமைக் குறை,” என்றார் அக்கா. “தம்பி, அந்த வீட்டுக்கு உள்ளே போய்ப் பார்த்தீங்களா?”

“எதுக்கு மேடம்? கட்டில் எந்தப் பக்கம் போட்டிருக்காங்கன்னு பார்க்கவா?”

அக்கா அதற்கு மேல் கேட்கவில்லை.

வெளியே மேகம் மூடி வீடு இருண்டிருந்தது. விளக்கைப் போட அக்கா கூடத்துச் சுவருக்குப் போனார். சுவிட்ச் எல்லா வீட்டிலும் இருக்கிற மாதிரி தோள் உயரத்தில்தான் இருந்தது. ஆனால் அதற்கு நேர்கீழே, இடுப்பளவில், வெள்ளைச் சுவரில் உள்ளங்கை அகலத்துக்கு ஓர் அழுக்குத் திட்டு. விரல் பட்டுப் பட்டுப் படிந்த அழுக்கு. சமையலறை வாசலிலும் அதே உயரத்தில் அதே மாதிரி ஒன்று. இரண்டு இடத்திலும் தொடுவதற்கு ஒன்றுமில்லை, வெறும் சுவர்.

“வீட்ல நாலடி ஆள் யாராவது இருக்காங்களா சார்?” என்று ரேடியோ கேட்டான்.

“நாங்க ரெண்டு பேர்தான்.” மெக்கானிக் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “பெயின்ட் அடிக்கணும்.”

அக்கா விளக்கைப் போட்டுவிட்டு மடிக்கணினியின் முன் உட்கார்ந்தார்.

திரையில் கடல் விரிந்தது. மேலே சிவப்புப் பட்டையில் ஓர் அறிவிப்பு ஓடிக்கொண்டிருந்தது: இந்தத் தீவு இன்று மாலை ஆறு மணிக்கு நிரந்தரமாக நீக்கப்படும். உங்கள் ஒத்துழைப்புக்கு நன்றி.

“நாலு நாளா ஓடுது அது,” என்றார் மெக்கானிக். “நடத்துறவங்களுக்குக் கட்டுப்படியாகலையாம்.”

“நாலு நாளைக்கு முன்னாடி அறிவிப்பு. மறுநாள் இவங்க கிளம்பிட்டாங்க,” என்றார் அக்கா.

“தீவு முழுகுதுன்னா கரையைத்தானே தேடுவாங்க? நேரா கலங்கரைகிட்டப் போயிருப்பாங்க அக்கா.” ரேடியோ தன் போனைத் திருப்பிக் காட்டினான். அவனும் அந்தத் தீவுக்குள் ஓர் உருவம் செய்துகொண்டு நுழைந்திருந்தான். மலை மாதிரி தோள்கள், இடுப்புவரை கூந்தல்.

“இது யாரு?”

“நான்தான். முடி இலவசம்னு போட்டிருந்தான், விடுவேனா?”

கூந்தல்காரனும் மனைவியின் உருவமும் மேட்டின் மீதிருந்த வீட்டை நோக்கி நடந்தார்கள். மெக்கானிக் முதுகைக் காட்டிக்கொண்டு ஜன்னலோரமே நின்றார்.

மற்றவர்கள் அரண்மனையும் கோபுரமும் கட்டியிருந்த தீவில் இது ஒரு சாதாரண ஓட்டு வீடு. மேட்டின் மேல் இருந்தும் படிக்கட்டு இல்லை. வழவழப்பான சரிவுப்பாதை ஒன்று வாசல்வரை ஏறியது. வாசலில் படியும் இல்லை. கதவுகள் தேவைக்கு மேல் அகலம். சமையலறையில் பாத்திரம் கழுவும் தொட்டி தாழ்வாக, அடியில் முழங்கால் நுழைய இடம் விட்டு இருந்தது. கதவுக்குப் பக்கத்தில், ‘இங்கே யாரும் பறக்கக் கூடாது’ என்று எழுதிய பலகை. ஓர் அறை மட்டும் பூட்டியிருந்தது.

“அக்கா, இதைப் பாருங்க. கண்ணால பார்த்தாலே விளக்கு எரியுற ஊரு இது. இங்க எதுக்கு சுவிட்ச்?”

ஒவ்வொரு அறையிலும் சுவிட்ச் இருந்தது. எல்லாமே இடுப்பளவு உயரத்தில்.

அக்கா கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தார். அவர் அப்படிச் செய்தால் ஏதோ அகப்பட்டுவிட்டது என்று ரேடியோவுக்குத் தெரியும்.

“பறக்கத் தெரிஞ்ச ஊர்ல சரிவுப்பாதை. படி இல்ல, அகலக் கதவு, தாழ்ந்த சுவிட்ச். இதைக் கட்டின ஆளுக்கு வீடுன்னா இப்படித்தான் இருக்கும். வேற மாதிரி ஒரு வீட்டைக் கனவுல கட்டச் சொன்னாலும் கட்ட வராது. என்ன சொல்ற?”

“வீல்சேர்ல இருக்கிறவரு.”

“அந்தக் கலங்கரை. இந்த வீட்டை அவர்தான் கட்டியிருக்கணும். பழைய பேச்செல்லாம் இதுல பதிவாகியிருக்கும், எடு.”

பக்கம் பக்கமாகப் பேச்சு. வானிலை, தூக்கம், பாட்டு, தூக்கம் வராதது. காதல் பேச்சாக ஒரு வரிகூட அக்காவின் கண்ணில் படவில்லை. ஆனால் மூன்று இடங்களில் கலங்கரை ஒரே மாதிரி புலம்பியிருந்தார்: ‘எங்க லிஃப்ட் மறுபடியும் படுத்துடுச்சு. இன்னிக்கு நான் பட்டினிதான்.’ போன மாதம் நான்காம் தேதி, பத்தொன்பதாம் தேதி, இருபத்தேழாம் தேதி.

அக்கா சட்டென்று நிமிர்ந்தார். “இவர் பேசுற மழையெல்லாம் நம்ம ஊர் மழை, ஆள் இங்கதான் இருக்கணும். தம்பி, லிஃப்ட் ரிப்பேர்னு கூப்பிடுறவங்க விவரத்தையெல்லாம் எழுதி வைப்பீங்களா?”

“புகார் புத்தகம் வேன்ல இருக்கு மேடம். இந்த வட்டாரத்து லிஃப்ட் எல்லாம் எங்க கம்பெனிதான்.”

“கொண்டு வாங்க.”

புத்தகத்தின் ஓரங்களில் கிரீஸ் கறை. நான்காம் தேதி ஆறு கட்டடங்கள், பத்தொன்பதாம் தேதி மூன்று, இருபத்தேழாம் தேதி ஐந்து. மூன்று நாளிலும் இருந்தது ஒன்றே ஒன்று. தண்ணீர்த் தொட்டிக்கு எதிரே இருக்கிற ஏழு மாடிக் கட்டடம்.

மெக்கானிக் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தார். “மூணு தடவையும் நான்தான் போனேன். அவன் சாப்பாடு மேலே போகணும்னு என் கையாலயே சரி பண்ணிக் கொடுத்திருக்கேன்.”

*

கட்டடத்துக் காவலாளிக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை.

“கீழே இறங்காத ஆளா? ஏழாவது மாடி, கடைசிக் கதவு. நாலு வருஷமா இங்க வேலை பார்க்கிறேன். அவர் செருப்பு என்ன கலர்னு எனக்குத் தெரியாது.”

“வேற யாராவது வந்தாங்களா? ஒரு அம்மா, நாற்பது வயசு?”

“அவரைத் தேடியா? இவ்வளவு நாள்ல முதல்ல வந்தது நீங்கதான்.”

அக்காவின் நெற்றி சுருங்கியது. ஆனால் காவலாளி எந்நேரமும் விழித்திருக்கிற ஆளாகத் தெரியவில்லை.

லிஃப்டுக்குள் இரண்டு வரிசை பட்டன்கள் இருந்தன. நிற்பவர்களுக்கு மேலே ஒன்று, உட்கார்ந்து வருகிறவர்களுக்குக் கீழே ஒன்று. மெக்கானிக் குனிந்து கீழ் வரிசையில் ஏழாம் எண்ணை அழுத்தினார். கதவு மூடாமல் அடம்பிடிக்கவே மறுபடியும் குனிந்து அதையே அழுத்தினார்.

“தம்பி, நீங்க லிஃப்ட் பக்கத்துலயே நில்லுங்க. நான் கூப்பிட்டாத்தான் வரணும். கையை பாக்கெட்டுக்குள்ள வச்சுக்குங்க.”

கடைசிக் கதவை அக்கா தட்டினார். உள்ளே ஏதோ நகர்ந்தது. ரேடியோ சக்கரச் சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டான். வந்தது காலடிச் சத்தம்.

கதவு திறந்தது. நிலையில் தலை இடிக்காமலிருக்கக் கழுத்தைச் சாய்த்தபடி ஒருவர் நின்றுகொண்டிருந்தார். ஆறடிக்கு மேல் இருக்கும். வெயில் படாத வெளுப்பு, ஐம்பது வயது. வாசலிலிருந்து ஒரு முழம் உள்ளேயே நின்றார்.

ரேடியோ அவரை உச்சியிலிருந்து பாதம்வரை பார்த்தான். “அக்கா,” என்றான் தணிந்த குரலில், “நாற்காலி எங்கே?”

முப்பது வருஷ அனுபவம் ஒரே நிமிஷத்தில் அக்காவின் முகத்தில் கரியைப் பூசிவிட்டது.

“நீங்கதான் கலங்கரையா?”

நெட்டையர் பயந்துபோய்க் கதவைப் பிடித்துக்கொண்டார். “அவங்களுக்கு என்ன ஆச்சு? நேத்து அவங்க பேர்ல யாரோ வந்தாங்க. அது அவங்க இல்லன்னு எனக்கு உடனே தெரிஞ்சுபோச்சு. கூரை மேல பறந்து வந்தாங்க. அவங்க ஒருநாளும் பறக்க மாட்டாங்க.”

“அவங்க இங்க இல்லையா?”

“இங்கேயா?” அவர் கேட்ட விதத்திலேயே பதில் இருந்தது. “என் கூடப் பிறந்த அண்ணனே இங்க வந்ததில்லைம்மா. நான் புத்தகங்களுக்குப் பிழை திருத்துறவன். வேலை கம்ப்யூட்டர்ல வரும், கம்ப்யூட்டர்ல போகும். வெளியே காலை வச்சா நெஞ்சு அடைச்சுக்கும், உடம்பெல்லாம் வேர்த்துடும். லிஃப்ட் நின்னா சாப்பாடு கொண்டு வர்றவங்க மேலே ஏற மாட்டாங்க. நான் இறங்க மாட்டேன். அந்தத் தீவு இல்லன்னா எனக்குப் பேச்சே மறந்துபோயிருக்கும். முன்னாடி தெருமுனை வரைக்காவது போய் வந்துக்கிட்டிருந்தேன். அது கிடைச்சதும் தெருமுனையும் எதுக்குன்னு விட்டுட்டேன்.”

“அந்த வீட்டை நீங்க கட்டலையா?”

“நான் வாசல் பெஞ்சைத் தாண்டி உள்ளேயே போனதில்ல. வீடு அவங்க கட்டினது. ஒவ்வொரு சுவிட்சையும் அளந்து அளந்து வைப்பாங்க. ‘ஒரு விரல் மேலே போச்சு, அவனுக்கு எட்டாது’ன்னு பிரிச்சு மறுபடி வைப்பாங்க.”

“எவனுக்கு?”

நெட்டையர் தயங்கினார். இவ்வளவு நேரமும் அவர் பேசிக்கொண்டிருந்தது கிசுகிசுப்பான குரலில் என்பது அக்காவுக்கு அப்போதுதான் உறைத்தது.

“மகனுக்கு. அந்தப் பூட்டின அறையில தூங்குறான்னு சொல்வாங்க. ‘மெதுவா பேசுங்க, இப்பத்தான் கண் அசந்தான்’னு. நான் முதல்ல விளையாட்டுன்னு நினைச்சேன். அந்தத் தீவுல எல்லாரும் எதையாவது சொல்லி விளையாடுறவங்கதானே? அப்புறம் ஒருநாள், ‘அவனை எழுப்பி ஊசி போட்டுக்கணும்’னாங்க. யாருக்கு ஊசின்னு கேட்டேன். அவங்களுக்கே தெரியல. அன்னிக்கு எனக்குப் பயம் வந்துச்சு.”

“பயந்தும் சும்மா இருந்தீங்களா?”

“அறைக்குள்ள யாரும் இல்லம்மான்னு நான் சொல்லியிருக்கணும்.” அவர் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார். “சொன்னா மறுநாள் வரமாட்டாங்களோன்னு இருந்துச்சு. எனக்குன்னு வந்து உட்கார்ந்து பேசுறது அவங்க ஒருத்தர்தான். அதனால நானும் மெதுவாவே பேசினேன். ஒரு வருஷமா.”

பின்னால், லிஃப்ட் பக்கத்தில், ஏதோ தொப்பென்று விழுந்தது. புகார் புத்தகம்.

அக்கா திரும்பினார். மெக்கானிக் சுவரில் சாய்ந்து நின்றிருந்தார். அவர் முகத்தைப் பார்த்ததும் அக்காவின் மனசில் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து உட்கார்ந்தன. வெறும் சுவரில் விரல் அழுக்கு. சுவிட்ச் இல்லாத இடத்தில் தினமும் சுவிட்சைத் தேடிய ஒரு கை. வீடு மாறியும் மாறாத கை.

அக்கா மெல்ல நடந்து அவரிடம் போனார். மகனைக் கூப்பிடுகிற குரலில் கேட்டார்.

“தம்பி, அந்தப் பழைய வீட்டு சுவிட்சையெல்லாம் கீழே இறக்கி வச்சது யாரு?”

மெக்கானிக் குனிந்து புத்தகத்தை எடுத்தார்.

“நான்தான்.”

“உங்க வீட்டுச் சுவத்துல அழுக்கைப் பார்த்தேன். கலங்கரையையே தேடிக்கிட்டு, அது என்னன்னு யோசிக்காம விட்டுட்டேன். லிஃப்ட்ல ரெண்டு தடவையும் குனிஞ்சு கீழ் பட்டனை அழுத்தினீங்க. அவங்க கைக்கு மட்டும் இல்ல, உங்க கைக்கும் இன்னும் மறக்கல.”

“தசை நோய் மேடம். நடக்கவே இல்ல அவன். வீல்சேர்ல உட்கார்ந்துக்கிட்டு அதிகாரம் பண்ணுவான், லெஃப்ட்ல திருப்பு, ரைட்ல திருப்புன்னு. கேப்டன்னுதான் நாங்க...” அந்தச் சொல்லோடு அவர் நின்றார். ஏதோ திருடிவிட்டதுபோலச் சுற்றும் பார்த்தார். “பதினோரு வயசு. ரெண்டு வருஷமாச்சு. ஒரே மாசத்துல நான் வீட்டை மாத்தினேன். நாற்காலியைக் கொடுத்துட்டேன். துணி, போட்டோ எல்லாத்தையும் எடுத்துட்டேன். அவன் பேரை யாரும் எடுக்கக் கூடாதுன்னு சொன்னேன். எடுத்தா என்னால எழுந்து நிக்க முடியாதுன்னு பயம் மேடம். அவ அழுதா எரிஞ்சு விழுவேன். அப்புறம் அவ அழுறதை நிறுத்திட்டா. தேறிட்டான்னு நினைச்சேன்.”

“அழ இடம் தேடிக்கிட்டாங்க,” என்றார் அக்கா. “அந்த இடத்தையும் ஆறு மணிக்கு அழிக்கப் போறதா அறிவிப்பு வந்துடுச்சு. வீட்டுக்குப் போறேன்னு சீட்டு எழுதினவங்க வேற எங்க போவாங்க? அந்தப் பழைய வீடு இப்போ எப்படி இருக்கு?”

“மில் குடியிருப்பு. மில்லை மூடிட்டாங்க. எல்லாரும் காலி பண்ணிட்டாங்க, அடுத்த மாசம் இடிக்கிறாங்க. கரண்ட்கூட கிடையாது.” சொல்லும்போதே அவருக்கு விளங்கிவிட்டது. “ஐயோ, நான் ஏன் அங்க போய்ப் பார்க்கல?”

“அந்த வீடுன்னு ஒண்ணு இருந்ததையே மறக்கணும்னு இருந்தீங்க. கிளம்புங்க. ரேடியோ, ஆம்புலன்ஸுக்குச் சொல்லு.”

ரேடியோ ஏற்கெனவே போனில் வழி சொல்லிக்கொண்டிருந்தான். ஒரு வார்த்தை கூடுதலில்லை.

லிஃப்ட் கதவு திறந்தபோது நெட்டையர் வாசலுக்கு வந்திருந்தார். “நானும் வரட்டுமா?” என்றார். ஒரு பாதம் வாசலைத் தாண்டி வெளித் தரையில் பதிந்தது. அவர் நெற்றி முழுக்க வேர்த்துவிட்டது. அந்தப் பாதம் அப்படியே பின்னால் போயிற்று.

“முடியல. மன்னிச்சுக்குங்க. ஆறு மணி வரைக்கும் நான் அந்த வீட்டு வாசல்ல இருக்கேன். அழியும்போது யாராவது இருக்கணும் இல்லையா?”

அக்கா தன் போன் நம்பரை ஒரு காகிதத்தில் எழுதி அவர் கையில் கொடுத்தார்.

*

பாதி வழியில் பாலத்தில் வேன் நாற்பது நிமிஷம் அசையாமல் நின்றது. முன்னால் ஏதோ லாரி கவிழ்ந்திருந்தது. மெக்கானிக் ஸ்டியரிங்கை உள்ளங்கையால் குத்திக்கொண்டே இருந்தார். வீட்டிலிருந்து கையோடு கொண்டுவந்த இன்சுலின் பேனாக்கள் ஐஸ் கட்டிகளோடு ரேடியோவின் மடியில் இருந்தன. அவன் அதைக் குழந்தையைப் பிடிப்பதுபோலப் பிடித்திருந்தான்.

மில் குடியிருப்பில் வேன் நுழைந்தபோது மணி ஆறாகப் பத்து நிமிஷம். வரிசை வரிசையாகக் கதவில்லாத வீடுகள். கூரை பாதி பெயர்ந்திருந்தது. கோடி வீட்டுக்கு மட்டும் கதவு இருந்தது. வாசலில் படிக்குப் பதிலாகச் சிமென்ட் சரிவு. அதன் ஓரத்தில், சிமென்ட் ஈரமாக இருந்தபோது பதிந்த சக்கரத் தடம் ஒன்று இன்னும் அப்படியே இருந்தது. மெக்கானிக் அதை மிதிக்காமல் தாண்டினார்.

கடைசி அறையில், ஜன்னலுக்குக் கீழே, சுவரில் சாய்ந்து அவர் மனைவி உட்கார்ந்திருந்தாள். உதடுகள் காய்ந்து வெடித்திருந்தன. மூச்சு வேகவேகமாக வந்துகொண்டிருந்தது. பக்கத்தில் காலியான தண்ணீர் பாட்டிலும் தீர்ந்துபோன பேனாவும் கிடந்தன. அவர்களைப் பார்த்ததும் மெல்ல ஒரு விரலை எடுத்து உதட்டின் மேல் வைத்தாள்.

“சத்தம் போடாதீங்க. இப்பத்தான் தூங்குறான்.”

அக்கா மெக்கானிக்கைப் பார்த்தார். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவள் சிரித்திருப்பாள். ஒரு வருஷமாக ஒருவர் அதைத்தான் அன்போடு சொல்லிக்கொண்டிருந்தார்.

மெக்கானிக் அவள் முன்னால் மண்டியிட்டார். முதலில் ஊசியைப் போட்டார். பிறகு அவள் இரண்டு கையையும் எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார்.

“இல்லம்மா. கேப்டன் தூங்கல. கேப்டன் செத்துப்போயிட்டான்.”

அவள் அவரையே வெறித்துப் பார்த்தாள். கைகளை இழுத்துக்கொள்ளப் பார்த்தாள். அவர் விடவில்லை.

“என்ன சொன்னீங்க?”

“கேப்டன் போயிட்டான்மா.”

“இன்னொரு தடவை சொல்லுங்க.”

“கேப்டன்.”

“ரெண்டு வருஷமாச்சு,” என்றாள் அவள். “ரெண்டு வருஷமாச்சு நீங்க அவனைக் கூப்பிட்டு. இந்த வீட்ல அப்படி ஒருத்தன் இருந்தானா இல்லையான்னே எனக்குச் சந்தேகம் வந்துடுச்சுங்க. அதான் பார்த்துட்டுப் போகலாம்னு வந்தேன். சுவிட்ச் இருக்கு பாருங்க. கீழேதான் இருக்கு. நான் பொய் சொல்லல.”

“நீ பொய் சொல்லலம்மா.”

அவள் அழ ஆரம்பித்தாள். அழுவதற்குக்கூட உடம்பில் தெம்பில்லை. அவரும் அழுதார். அக்கா ரேடியோவின் தோளைத் தொட்டு வெளியே கூட்டிக்கொண்டு வந்தார்.

அதே பாலத்தில் மாட்டிக்கொண்டிருந்த ஆம்புலன்ஸ்காரர்கள் வந்து நாடி பார்த்தார்கள். கையில் சலைன் ஏற்றினார்கள். “இன்னும் ரெண்டு மணி நேரம் போயிருந்தா எங்களாலயும் ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது,” என்றார் மூத்தவர். “பிழைச்சுக்குவாங்க. ஆனா உடம்பு தேறினதும் மனசுக்கும் டாக்டரைப் பார்க்கணும். விட்டுடாதீங்க.”

“ரெண்டு பேரையும்தான் பார்க்கணும்,” என்றார் அக்கா.

அவருடைய போன் துடித்தது. புது நம்பர். ஆறு மணி ஒரு நிமிஷம். ரேடியோ எட்டிப் பார்த்து, தணிந்த குரலில் வாசித்தான்.

“‘வீடு போயிடுச்சு. கடைசி வரைக்கும் பெஞ்சுலயே இருந்தேன். யாரும் பறக்கல. அவங்க கிடைச்சாங்களா?’”

“என்ன பதில் போடட்டும் அக்கா?”

“கிடைச்சாங்கன்னு போடு. ஆஸ்பத்திரி பேரையும் போடு. பார்க்க வரணும்னா அவர் ஏழு மாடி இறங்கணும்.”

“இறங்குவாரா?”

“தெரியல ரேடியோ.”

ஸ்ட்ரெச்சர் கடைசி அறையிலிருந்து வெளியே வந்தது. அகலக் கதவுகள். ஓரிடத்திலும் இடிக்கவில்லை. மெக்கானிக் மனைவியின் கையை விடாமல் பக்கவாட்டில் நடந்து வந்தார். வெளி வாசலுக்கு வந்ததும் ஒரு கணம் நின்றார். திரும்பிப் பார்க்காமலே அவருடைய மற்றொரு கை பின்னால் போனது. தேடவில்லை, துழாவவில்லை. நேராக இடுப்பளவு உயரத்துக்குப் போய் சுவிட்சை அணைத்தது.

விளக்கும் இல்லை, கரண்டும் இல்லை. டிக்கென்ற அந்தச் சத்தம் மட்டும் காலி வீட்டுக்குள் கேட்டது.

ஸ்ட்ரெச்சரில் கிடந்தவள் அந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டு, மூன்று நாளாகத் தூங்காத கண்ணை மூடினாள்.